கையால் ஓடும், மணிக்கு ஓடாது

போன மாதம் சிபான் தொலைபேசியில் அழைத்தான். என்னிடம் வேலை பழகி, இப்போது குருநாகலில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குத் தலைவனாக இருப்பவன். தலைவனானதும் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. மற்றபடி நல்ல பிள்ளை.

"சேர், ஒரு சேர்வர்ல லொக் சுழற்சி நிண்டு போச்சு. செக்கியூரிட்டி பொலிசி மறுக்குதெண்டு வந்திச்சு. நெட்ல தேடினன். ஒரே ஒரு கட்டளைதான். பொலிசிய ஓஃப் பண்ணிட்டன். இப்ப சும்மா பறக்குது."

"கேட்டில காவல்காரன் ஒருத்தர மறிச்சா, நீ காவல்காரன வீட்டுக்கு அனுப்புவியா?"

"தற்காலிகமாத்தான் சேர்."

தற்காலிகம் என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன். எங்கள் புத்தளத்தில் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குத் தற்காலிகமாகப் போட்ட கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். உடனே பொலிசியைத் திரும்பப் போடு, மறுப்புப் பதிவில் மூன்று வரியை எழுத்தெழுத்தாக வாசி, பிறகு எனக்கு எடு என்றேன். "ஏன் சேர் இவ்வளவு கஷ்டம்?" என்றான். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டெலிபிரின்டர் திருத்துபவனாகத் தொடங்கியவன். மூன்று வருடம் ரிப்பன் மாற்றி விரல்களைக் கறுப்பாக்கினேன். பிறகு கணினி வந்தது. கொழும்பில் இரண்டு பரீட்சை, ஒரு சான்றிதழ், ஒரு கழுத்துப்பட்டி. பயிற்சி பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை. கழுத்துப்பட்டி மதுரங்குளி வெயிலில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது.

எங்கள் பராமரிப்பு நிறுவனத்தின் புத்தளக் கிளையில் ஓர் அறை, மூன்று கதிரை, ஓர் அலுமாரி இருந்தன. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை கடலோரம் முழுவதும் எங்கள் ஆட்சிக்குள். இந்தக் கரையில் கணினிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. வைரஸ் பிறகுதான் வரும். பென்சில் அழிறப்பரால் இணைப்பு முனைகளைத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பெர்னாண்டோ சேர் இருந்தார்.

அவர் சிலாபத்துக்காரர், எங்கள் கிளைப் பொறியியலாளர். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் வாழும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் சீஆர் என்ற தடித்த அட்டைக் கொப்பியில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட வேண்டும். முதல் நிரலில் கண்டது, இரண்டாவதில் நினைத்தது, மூன்றாவதில் செய்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் நீதிமன்ற முதலியார் மாதிரி உரத்து வாசிப்பார். நினைத்ததை யாராவது கண்டது நிரலில் எழுதியிருந்தால், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அம்புக்குறியால் பக்கத்து நிரலுக்கு இழுத்து விடுவார். ஏசுவதே இல்லை. ஏசியிருந்தால் நாங்கள் சீக்கிரம் மறந்திருப்போம்.

என் முதல் வட்டம் ஒரு கழுதையால் வந்தது. கற்பிட்டியில் ஒரு சங்கக் காரியாலயத்தின் தொலைபேசி இணைப்பு அறுந்து கிடந்தது. போய்ப் பார்த்தேன். அறுந்த கம்பிக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு கழுதை நின்றது. "கழுதை கம்பியை அறுத்துள்ளது" என்று முதல் நிரலில் அழகாக எழுதினேன்.

"ஹனிபா, கழுதை அறுக்கிறத நீ கண்டியா?" என்று கேட்டார் பெர்னாண்டோ சேர்.

"இல்ல சேர். பக்கத்தில நிண்டது."

"நானும்தான் உனக்குப் பக்கத்தில இரிக்கிறன். நான் ஏதும் அறுத்தனா?"

வட்டம், அம்புக்குறி. மறு வாரம் கச்சான் காற்று பலத்து அதே கம்பி அதே இடத்தில் மறுபடி அறுந்தது. அப்போது கழுதை ஊரிலேயே இல்லை. அதன் பிறகு பல வருடங்களுக்கு, யாராவது அவசரப்பட்டு முடிவெடுத்தால் சேர் தலையைத் தூக்காமலே, "ஹரி, கழுதையக் கூப்பிடு" என்பார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டியில் ஒரு ஹாஜியார் மீன் ஏற்றுமதிக்காகப் பெரிய குளிரறை ஒன்று கட்டினார். வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கு மீன் மட்டும் போதாது, மீன் எந்த வெப்பநிலையில் கிடந்தது என்ற இடைவிடாத பதிவும் வேண்டும். அதற்காக நாங்கள் ஒரு லினக்ஸ் சேர்வர் வைத்தோம். அதில் ஓடிய சிறு கணினி நிரல் சில நொடிக்கொரு தடவை எல்லா உணரிகளின் அளவையும் ஒரு கோப்பில் எழுதும். அதைத்தான் லொக் என்கிறோம். லொக் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே நாளுக்கொரு தடவை, குறித்த மணிக்கு, சுழற்சி நிரல் வந்து பழையதைச் சுருக்கி வேறொரு பெரிய டிஸ்க்கில் வைத்துவிட்டு, இங்கே வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்துவிட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே காவல்காரன் மாதிரிப் பாதுகாப்புப் பொலிசி இருந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அது ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கும். இந்தச் சீட்டுக்காரர் அந்தச் சீட்டுள்ள கோப்பைத் தொடலாமா என்று பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லையென்றால் மறுப்பு. முகத்தாட்சணியம் கிடையாது.

குளிரறைக்குப் பொறுப்பாக இருந்தவர் றவூப் நானா. மன்னாரில் ஐஸ் வியாபாரம் செய்து, தொண்ணூறில் எல்லாரோடும் விரட்டப்பட்டு, கற்பிட்டி வீதியோரக் குடியேற்றத்தில் வாழ்ந்தவர். கதவில் உள்ளங்கையை வைத்தே உள்ளே எத்தனை பாகை என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பதிவு அறுந்தது. ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம், ஒரு தடவை ஒரு முழு நாள். மூன்று தடவையும் நான்தான் போனேன். போனதும் என் வழக்கப்படி, விசைப்பலகையில் உட்கார்ந்து சுழற்சி நிரலைக் கையால் ஓட்டிப் பார்ப்பேன். வழவழவென்று ஓடும். பிறகு டிஸ்க்கில் இடம் பார்ப்பேன். தாராளமாக இருக்கும். பதிவும் ஓடிக்கொண்டிருக்கும். கொப்பியில் முதல் நிரலில், "சேர்வரில் பிழை இல்லை" என்று எழுதுவேன். ஹாஜியாருக்கும் அதையே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பேன்.

"சேர் காலடி வச்சாலே பெட்டி ஓடுதே, மாஷா அல்லாஹ்!" என்பார் ஹாஜியார். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் பெர்னாண்டோ சேர் சிலாபம் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வாசிப்பு எனக்கு மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது. மூத்தவனாம். மூத்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் இதைப்போல ஆபத்தானது வேறில்லை.

மூன்றாவது தடவை வெளிநாட்டாருக்காக மீன் எடுக்கும் கொழும்புக் கொள்வனவாளர் கோபித்துக்கொண்டார். இன்னொரு இடைவெளி வந்தால் மீன் எடுக்கமாட்டேன் என்று கடிதம் அனுப்பினார். ஹாஜியார் கூப்பிட்டு நான் மறுபடி போனபோது அவர் முகம் கடிதத்தைவிட மோசமாக இருந்தது.

"சேர், நீங்க மூணு தரம் எழுதித் தந்திட்டீங்க, கம்பியூட்டர்ல பிழை இல்லண்டு. மெசின்ல பிழை இல்லாட்டி மனுசன்லதான். பெட்டிர சுவிச் யாருட அறைக்குள்ள இரிக்கி? றவூப்ட. மோட்டர நிப்பாட்டிட்டுத் தூங்குறான். குளிர் குறையுறது எழுத்துல விழுந்திரும் எண்டு பெட்டியையும் நிப்பாட்டுறான்."

"அவர் அப்படிச் செய்ற ஆள் மாதிரித் தெரியல்லயே, ஹாஜியார்."

"வந்த ஆள்தானே சேர். ஊர்ப் புள்ளயெண்டா வாப்பாட்ட கேக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய விசாரணை. உங்கட கடிதம் மூணும் என்ட கையில இரிக்கி. அது போதும்."

அன்று செவ்வாய்க்கிழமை. வெளியே வந்தபோது றவூப் நானா கதவோரத்தில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கும்.

"நான் நிப்பாட்டல்ல சேர்."

"தெரியும் நானா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அது இரண்டாவது நிரலில் எழுத வேண்டியது.

அவர் தன் மேசைக்குள்ளிருந்து தடித்த கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். பெட்டி வந்த நாளிலிருந்தே மணிக்கொரு தடவை குளிரறைக் கதவின் அளவுகோலைப் பார்த்துக் கையால் எழுதி வந்திருக்கிறார். ஹாஜியாரிடம் காட்டினாராம். "நீ எழுதினத நீயே காட்டுறியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அதில் கண்டது என்ற ஒரே ஒரு நிரல்தான். மணி, அளவு, சில இடங்களில் ஒரு வரி. பெர்னாண்டோ சேர் கண்டிருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். மூன்று இடைவெளி நாட்களிலும் குளிர் அசையவே இல்லை. அதைவிட என்னை உட்கார வைத்தது வேறொரு வரி. மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்: "ஹனிபா சேர் வந்தார். பெட்டி சிவப்பு லைற். சேர் எதையோ தட்டினார். பச்சை."

அதாவது, நான் போகும்வரை பதிவு ஓடவில்லை. நான் கையால் சுழற்சியை ஓட்டிய பிறகுதான் ஓடியது. நானோ ஓட்டிவிட்டு, பிறகு பார்த்து, பிழை இல்லை என்று எழுதினேன். நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு நாடி பிடித்துப் பார்த்து, நோயே இல்லை என்று சான்றிதழ் கொடுத்த வைத்தியன் நான்.

அங்கிருந்தே சிலாபத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பெர்னாண்டோ சேர் முழுவதையும் கேட்டார்.

"சுழற்சிய நீ எப்படி ஓட்டினாய்?"

"கையால சேர்."

"ஒவ்வொரு நாளும் அது எப்படி ஓடுது?"

"மணிக்கு. தானா."

"ரெண்டு தரமும் காவல்காரனுக்கு முன்னால போறது ஒரே ஆளா?"

நான் நிர்வாகியாக உள்ளே போய் ஓட்டும்போது அது என் சீட்டோடு போகிறது. எனக்கு எல்லாக் கதவும் திறக்கும். மணிக்குத் தானாக ஓடும்போது அது தன் சொந்தச் சீட்டோடு போகிறது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இரண்டு தடவை வகுப்பே எடுத்திருக்கிறேன்.

"ஹரி, மறுப்புப் பதிவ வாசி. கைய மடியில வச்சிட்டு வாசி" என்றார்.

வாசித்தேன். நாள் தவறாமல், சுழற்சி ஓட வேண்டிய அதே மணிக்கு, மறுப்புகள் வரிசையாகக் கிடந்தன. பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் போல ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்தி: யார் வந்தார், என்ன கேட்டார், எதைக் கேட்டார், அந்தப் பொருளின் சீட்டு என்ன. வந்தவர் சுழற்சி நிரல். கேட்டது லொக் கோப்புறையில் எழுத அனுமதி. கோப்புறையின் சீட்டில் இருந்தது: பயனாளர் வீட்டுக் கோப்பு.

ஒரு பயனாளரின் வீட்டுக்குள் சுழற்சி நிரலுக்கு என்ன வேலை? மறுத்தது முற்றிலும் சரி. ஆனால் அந்தக் கோப்புறை லொக் வைக்கும் இடத்தில் அல்லவா இருக்கிறது? அதற்கு யார் அந்தச் சீட்டை ஒட்டினார்கள்?

அன்று மாலை புத்தளம் திரும்பி, சேர்வர் பொருத்திய நாளின் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். மூன்றாம் நிரலில், என் அழகான கையெழுத்தில்: "பரிசோதனை முடிந்தது. கோப்புறை எனது கணக்கிலிருந்து உரிய இடத்துக்கு நகர்த்தப்பட்டது."

நகர்த்தப்பட்டது. பிரதியெடுத்திருந்தால் புதிய இடத்தில் புதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். நகர்த்தினால் பழைய சீட்டு அப்படியே கூட வரும். முதலாம் ஆண்டுப் பாடம். லொக் எழுதும் சிறு நிரலுக்குக் கட்டுப்பாடில்லாத சீட்டு; காவல்காரன் அதை மறிப்பதில்லை, அதனால் எழுத்து தடையின்றி நடந்தது. சுழற்சி மட்டும் ஒரு நாளும் நடக்கவில்லை. டிஸ்க் நிரம்பும், பதிவு நிற்கும், நான் வருவேன், கையால் தட்டுவேன், அடுத்த தடவை நிரம்பும்வரை பச்சை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நிரல் ஓர் எச்சரிக்கை எழுதப் பார்த்திருக்கும். அதை எழுத டிஸ்க்கில் இடம் இருந்திருக்காது.

புதன்கிழமை காலை கற்பிட்டிக்குப் போனேன். மூன்று வழி இருந்தது. சிபான் செய்தது முதல் வழி, பொலிசியை நிறுத்துவது. ஒரு நொடி வேலை. இரண்டாவது, மறுப்பு வரிகளை ஒரு கருவிக்குள் கொடுத்தால் அதுவே புதிய அனுமதி எழுதித் தரும். வசதிதான். ஆனால் அது சுழற்சி நிரலுக்கு எல்லாப் பயனாளர் வீடுகளையும் திறந்துவிடும். ஒருவன் தன் மேல்சட்டையைத் தவறான அலுமாரியில் வைத்தான் என்பதற்காக ஊரிலுள்ள அலுமாரிச் சாவிகளையெல்லாம் வண்ணானிடம் கொடுப்பது போல. மூன்றாவது வழி சீட்டைத் திருத்துவது. முதலில், இந்தக் கோப்புறை லொக் கோப்புறை என்று பொலிசியின் பேரேட்டில் நிரந்தரமாகப் பதிய வேண்டும். பிறகு அந்தப் பதிவின்படி கோப்புறைக்கும் உள்ளே உள்ளவற்றுக்கும் சீட்டை மாற்றி ஒட்ட வேண்டும். பேரேட்டில் பதியாமல் ஒட்டினால், இன்னொரு நாள் யாராவது எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும்போது திருத்தம் போய்விடும்.

அதைச் செய்தேன். பிறகு, கையால் ஓட்டிப் பார்க்கவில்லை. விரல்கள் துடித்தன, ஆனாலும் ஓட்டவில்லை. சுழற்சியின் மணியைக் காலை பதினொன்று ஐந்துக்கு மாற்றி வைத்துவிட்டு, கதிரையைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தேன். றவூப் நானா பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தார்.

"எதப் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க சேர்?"

விளக்கினேன். கோப்புறையை நான் என் வீட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தது, பழைய சீட்டு ஒட்டியபடியே வந்தது, காவல்காரன் சீட்டை மட்டும் பார்த்து மறித்தது, எல்லாவற்றையும். அவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா சேர் நீங்க படிச்சி வந்த? என்னட்டக் கேட்டிரிந்தா முதல் நாளே சென்னிரிப்பன். என்ட வோட்டு மன்னார்ல. வீடு இங்க. இங்க ஒரு கடிதம் கேட்டா, உன்ட பேர் அங்கதானே எண்டுறாங்க. அங்க போனா, நீ அங்கதானே இரிக்கிற எண்டுறாங்க. உங்கட பெட்டியும் அகதியாப் போச்சு."

"அதுக்கு இப்ப இங்கயே பதிஞ்சாச்சு நானா."

"அது குடுத்து வச்சது" என்றார். "எனக்கும் பதியுற அந்தக் கட்டளைய ஒருக்காக் கிராம சேவகர்ர கம்பியூட்டர்ல அடிச்சி விடுங்களேன்."

பதினொன்று நான்கு. பதினொன்று ஐந்து. திரையில் பழைய கோப்பு மறைந்து வெற்றுக் கோப்பு தோன்றியது. மறுப்புப் பதிவில் புதிதாக ஒரு வரியும் இல்லை. றவூப் நானா தன் கொப்பியை எடுத்து எழுதினார்: "11.05. ஹனிபா சேர் தட்டவில்லை. பச்சை."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியாரின் அறையில் கூடினோம். றவூப் நானா தொழுகைத் தொப்பியோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெர்னாண்டோ சேர் சிலாபத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனை.

ஹாஜியார் என் மூன்று கடிதங்களையும் மேசையில் விரித்தார். "எல்லாம் எழுத்தில இரிக்கி" என்று தொடங்கினார்.

"மன்னிக்கோணும் ஹாஜியார்" என்றார் பெர்னாண்டோ சேர். "ஹனிபா, உன்ட கொப்பிய வாசி. உரத்து."

வாசித்தேன். மூன்று பக்கம். ஒவ்வொன்றிலும் முதல் நிரலில் "சேர்வரில் பிழை இல்லை". அவர் கொப்பியை வாங்கி, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, நிதானமாக அம்புக்குறி இழுத்தார். என் தலைமுடி நரைத்த பிறகு எனக்கு விழுந்த வட்டங்கள் அவை. பேனை கடதாசியில் உரசிய சத்தம் இன்னும் ஞாபகம்.

"அப்ப பிழை யார்ட?" என்று கேட்டார் ஹாஜியார்.

"என்ட, ஹாஜியார். பெட்டி பொருத்தின அண்டே நான் விட்ட பிழை. றவூப் நானா சுவிச்சில கை வைக்கல்ல. அவர்ட கொப்பி இல்லாட்டி நான் இண்டைக்கும் கண்டுபிடிச்சிரிக்க மாட்டன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார். "உங்கள வேலையால நிப்பாட்ட எனக்கு ஏலாதே" என்றார் உண்மையான கவலையோடு.

"ஏலும். எங்கட ஹெட் ஒஃபிசுக்கு ஒரு கடிதம் எழுதினாப் போதும்" என்றார் பெர்னாண்டோ சேர். பிறகு, "அட்ரஸ் தரமாட்டன்" என்றார்.

முதலில் சிரித்தது ஹாஜியார்தான். பிறகு எழுந்து போய், றவூப் நானாவுக்குத் தானே கதிரையை இழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. "இரிங்க நானா" என்றார். அதுவரை அவரை அவன் இவன் என்றுதான் பேசி வந்தார். கொள்வனவாளருக்கு என் விளக்கமும் றவூப் நானாவின் கொப்பிப் பிரதியும் போயின. கொப்பிதான் அவர்களுக்கு மிகவும் பிடித்ததாம். மீன் தொடர்ந்து போனது.

வெளியே வரும்போது பெர்னாண்டோ சேர் என் தோளில் தட்டினார். "அந்தக் கழுதைக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது, ஹனிபா. பாவம், அதுக்கு ஒரு கொப்பி இரிக்கல்ல."

பஸ்தரிப்பில் நிற்கும்போது றவூப் நானா பின்னால் வேகமாக நடந்து வந்தார். நான் ஹாஜியாருக்கு எழுதிக் கொடுத்த திருத்தக் கடிதத்தில் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் எடுத்துக் கொடுத்தேன். அவர் பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். உள்ளே மன்னார்க் காணி உறுதி, பழைய கூப்பன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், யார் யாரிடமோ வாங்கிய கடிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் கடிதத்தை வைத்தார்.

"இத என்ன செய்யப் போறீங்க நானா? விசயம் முடிஞ்சிதே."

"இந்த உறைக்குள்ள இரிக்கிற எல்லாக் கடதாசியும் நான் யாரெண்டு நான் காட்டுறதுக்கு சேர். நான் ஒண்டும் செய்யல்ல, பிழை என்டதுதான் எண்டு இன்னொருத்தர் எழுதித் தந்தது இது ஒண்டுதான்."

உறையை மூடப் போனவர் கடிதத்தைத் திரும்ப வெளியே எடுத்து, வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

"சேர்" என்றார், "சீல் அடிக்கல்லயே."

அன்று பேச்சில் பஸ்ஸைத் தவறவிட்டேன். திங்கட்கிழமை புத்தளம் காரியாலய முத்திரையோடு மறுபடியும் கற்பிட்டிக்குப் போய், அவர் காட்டிய இடத்தில், நேராக, மை பரவாமல் அடித்துக் கொடுத்தேன்.